மஞ்சள் களிம்பு

கணவரின் கண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த புது ட்யூபைத் திறந்தேன். மஞ்சள் களிம்பு அரிசியளவு எட்டிப் பார்த்தது.

அப்பா அந்தமானின் லாங் ஐலண்டில் மர ஆலையில் வேலை பார்த்தபோது, எங்கள் வீட்டில் இப்படி ஒரே ஒரு ட்யூப்தான் இருந்தது. அடுத்தது வேண்டுமென்றால் போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வர வேண்டும். மணல் ஈ கடித்துச் சீழ் வைத்த தம்பியின் காலில், ட்யூபின் முனையாலேயே அம்மா களிம்பைத் தேய்த்தாள். மறுநாள் என் கண் சிவந்தது. அதே முனையை என் இமைக்குள் வைத்து அழுத்தினாள்.

அடுத்த நாள் காலையில் இரண்டு கண்களும் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. படகுத்துறையில் கப்பலின் சங்கு கேட்டது. குருடாகிவிட்டேன் என்று அலறினேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டரிடம் ஓடினாள்.

"தோனோ மே ஏக் ஹி ட்யூப்?" அந்த வங்காளிக் கம்பவுண்டர் கத்தினார். இரண்டுக்கும் ஒரே ட்யூபா, புண்ணில் பட்டதைக் கண்ணில் வைப்பார்களா என்று இந்தியில் திட்டிக்கொண்டே, ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்து இமைகளைப் பிரித்தார்.

வெளிச்சம் குத்தியது. எதிரே அம்மா.

"என்னத் தெரியுதாடி?"

நன்றாகவே தெரிந்தது. ஆனால் அத்தனை பயமும் அவள்மேல் கோபமாகத் திரும்பியிருந்தது.

"தெரியல" என்றேன்.

அம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பயத்தில், பொய் சொன்னேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"ம், போடு" என்று கணவர் முகத்தை நிமிர்த்தினார். முனை படாமல் களிம்பை விட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். தெரியுதா என்று மட்டும் நான் கேட்கவில்லை.