கமராவுக்கு இந்தப் பக்கம்

அண்ணன் கடலில் மூழ்கி இறந்து ஆண்டு முடியவில்லை. ஆண்டுப் பூசை முடியும்வரை எங்கள் வீட்டுப் பெண்கள் கறுப்புதான் உடுப்போம். தேவையில்லாமல் வெளியே போகமாட்டோம். ஊடகத்திலும் தொழில்நுட்பத்திலும் வேலை தேடும் பெண்களுக்கு மன்னார் டவுனில் ஒரு பட்டறை நடக்கிறது, கமராவும் பழக்குவார்கள் என்று கேள்விப்பட்டு நான் புறப்பட்டேன். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய் பஸ் தரிப்பிடத்தில் மாமி மறித்தார்.

“எடியே, தமையன் செத்த ஈரம் காயேல்லை. படம் பிடிக்கப் போறியோ?”

“ஓம் மாமி.”

“கறுப்போடயோ?”

“பின்ன, சிவப்பு உடுத்துக்கொண்டோ போறது?”

மாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறினேன்.

மண்டபத்தில் எல்லாரும் எழும்பி, தாங்கள் படித்தது ஏ.எல்., டிப்ளோமா என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் எட்டாம் வகுப்பு என்றேன். இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடத்தோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

“ஏன், எட்டுப் படிச்சவளைக் கமரா கடிக்குமோ?” என்றேன்.

அவள் இன்னும் சிரித்து, “இதில வந்து இரும்” என்று பக்கத்துக் கதிரையைத் தட்டினாள்.

நன்றாகச் செய்கிற சிலருக்குத் தொடர்ந்து கமராப் பயிற்சி தருவோம் என்றார், கொழும்பிலிருந்து வந்த மிஸ். எனக்கு அதுதான் வேண்டும். மற்றப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை.

பேட்டி எடுத்துப் பழகும் நேரம் வந்தது. மிஸ் என் கறுப்புச் சட்டையைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். “அச்சோ” என்று தோளைத் தொட்டுவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் ஒரு கதிரையைப் போட்டார்.

“தங்கச்சி, நீங்கள் இதில இருங்கோ. எல்லாரும் உங்களை எடுக்கட்டும்.”

இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தவளிடம்தான் கமரா இருந்தது.

“அண்ணா கடைசியா உங்களிட்ட என்ன சொன்னவர்?” என்று கேட்டாள்.

நான் குனிந்துகொண்டேன். மிஸ் அவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. “முகத்துக்குக் கிட்டப் போங்கோ. அழப்போறா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீள்குடியேறின நாளிலிருந்து எங்களைப் படம் எடுக்கத்தான் ஆட்கள் வந்தார்கள். தகரக் கொட்டிலுக்கு முன்னால் நில்லுங்கோ, வாளியைத் தூக்குங்கோ என்பார்கள். அண்ணனை வள்ளத்திலிருந்து இறக்கும்போதும் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு நின்றான். எடுத்ததை ஒருவரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

எழும்பினேன்.

“நான் கதை சொல்ல வரேல்லை மிஸ். கமரா பழக வந்தனான். தாங்கோ.”

அவள் தந்தாள். அதை மிஸ்ஸின் பக்கம் திருப்பினேன்.

“நீங்கள் கடைசியா எப்ப மிஸ் அழுதனீங்கள்?”

மண்டபம் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். நான் கமராவை இறக்கவில்லை. அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. யன்னலைப் பார்த்தார்.

“போதும், நிப்பாட்டுங்கோ.”

உடனே இறக்கினேன்.

“இதை எப்பிடி அழிக்கிறது, மிஸ்? என்னை எடுத்ததையும் அழிக்கவேணும்.”

அவர் பக்கத்தில் வந்து நின்று, எந்தப் பொத்தான் என்று காட்டினார். இரண்டையும் நானே அழித்தேன். கமராவில் நான் பழகின முதல் பாடம் அழிப்பதுதான்.

அண்ணன் கடைசியாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இங்கேயும் எழுதமாட்டேன்.

பின்னேரம் கமராவோடு படம் எடுக்க எங்களை வெளியே விட்டார்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் கழுதைகள் நின்றன. காற்று தள்ளத் தள்ள, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். மிஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

“முழுக்கக் கோணல்.”

“தெரியும் மிஸ்.”

“திங்கட்கிழமை வாங்கோ. நேராப் பிடிக்கப் பழக்கிறன்.”

“வாறன். இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மிஸ், கழுதை போகுது.”