பென்சில் வட்டத்துக்குள் இருந்த நட்சத்திரம்

என் மேசை இழுப்பறையில் பழைய படத்தாள் ஒன்று கிடக்கிறது. எங்கோ தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் படம். அதில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், அதை ஒட்டிப் பென்சிலால் இன்னொரு வட்டம். சிவப்பு என்னுடையது. பென்சில் மச்சானுடையது. இன்று காலையிலிருந்து அந்தத் தாளை எத்தனை முறை எடுத்து எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மச்சான் என்றால் உறவு கிடையாது. சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக ஒரே மாடி அறையில் இருந்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஒட்டிக்கொண்டது. பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நட்சத்திர ஆராய்ச்சி என்றதும் ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்ப்போம் என்று எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வேலையோ பட்டப்பகலில், கணினி முன்னால். ஒரு நட்சத்திரம் வெடித்துப் பிரகாசித்தால், அதே இடத்தை முன்பு எடுத்த படத்தைத் தேடிப் பிடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, வெடித்தது இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல வேண்டும். செத்தவரின் முகத்தைப் பழைய குரூப் போட்டோவில் தேடுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியொரு வெடிப்பு வந்தபோது எனக்கு வேலைக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கட்டுரை வேண்டும், வேறு யாரும் முந்திக்கொள்ளவும் கூடாது. படங்களைப் பொருத்த, இரண்டிலும் தெரிகிற நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். எத்தனை அதிகமோ அத்தனை துல்லியம்; குறைந்தது இருபதைக் குறி என்றான் மச்சான். நான் ஐந்தோடு நிறுத்தினேன். வெடித்த இடத்தருகே பளிச்சென்று ஒரு சிவப்பு நட்சத்திரம் நின்றது. பெரிய சிவப்பு நட்சத்திரங்கள் அப்படி வெடிக்கும் என்று படித்திருந்தேனே, வட்டம் போட்டுவிட்டேன். அவன் பென்சிலை எடுத்து, பக்கத்தில் இருந்தும் இல்லாதது போலிருந்த ஒரு மங்கல் புள்ளியைச் சுற்றினான்.

"இதுவா இருந்தா என்னா பண்ணுவ? மரத்துல எந்தப் பழம் போச்சுன்னு தெரியணும்னா வெறுங்காம்பத் தேடணும் மச்சான். வெளிச்சம் அடங்கட்டும். அப்பறம் எது காணோம்னு பாத்துச் சொல்லுவோம்."

"அடங்க வருசக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் நான் என்னா பண்றது?" என்று கத்தினேன்.

"அப்ப எம் பேரப் போடாத."

போடவில்லை. கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது. வேலையும் கிடைத்தது. காட்டிக்கொள்ளக் கட்டுரை எதுவும் இல்லாததால் மச்சான் குடிகாடு என்ற ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனான். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். அந்த நட்சத்திரத்தைப் பற்றி இருவருமே பேசியதில்லை. நான் பயந்துதான் பேசவில்லை.

இன்று காலை அதே இடத்தின் புதிய படம் வந்தது. வெளிச்சம் அடங்கிவிட்டது. என் சிவப்பு நட்சத்திரம் அசையாமல் அப்படியே நிற்கிறது. பென்சில் வட்டத்தில் ஒன்றுமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, மதியச் சாப்பாட்டு நேரம் வரை அறைக்குள்ளேயே நடந்துவிட்டு அவனை அழைத்தேன்.

"மச்சான், நீ போட்ட வட்டத்துலதான் காம்பு தெரியுது. நான் அன்னிக்கு எழுதுனது தப்புன்னு எழுதப் போறேன். ஒம் பேருதான் மொதல்ல வரும்."

அந்தப் பக்கம் இயந்திர இரைச்சல். அழுவான் என்று நினைத்தேன்; குரலை உயர்த்திக் கேட்டான்.

"எத்தினி நட்சத்திரம் வச்சுப் பொருத்துன?"

"எட்டு."

"இருவது வச்சுட்டுக் கூப்புடு" என்று வைத்துவிட்டான்.

பழைய தாளைக் கணினியின் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது நட்சத்திரத்தைக் குறித்தாயிற்று. பத்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.