நான்கு பக்க வசனமும் ஒரு கேள்வியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தாம்பரத்தில் எங்கள் சர்ச் ஹாலில் நடந்தது இது. ஒவ்வொரு வருடமும் பெண்கள் ஞாயிறு அன்று போடும் நாடகத்தை எழுதுவது என் வேலை. மற்றபடி நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊரப்பாக்கத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். ஒத்திகை நடக்கும் அந்த ஐந்து வாரங்கள்தான் வருடத்தில் எனக்குப் பேச்சுத்துணை கிடைக்கும் நாட்கள். மற்ற நாட்களில் டி.வி.யோடு வாதம் செய்துகொண்டிருப்பேன். அதுவும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

என் நாடகங்களில் கதாநாயகி எப்போதும் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண். வரதட்சணை, படிப்பு, சொத்தில் பங்கு என்று ஊருக்கு நான் சொல்ல நினைப்பதையெல்லாம் அவளைப் பேசவைத்துவிடுவேன். என் வயசுக்காரி பேசினால் புலம்பல் என்பார்கள். சின்னப் பெண் பேசினால் கைதட்டுவார்கள். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அந்த வருடம் கதாநாயகியாக நடித்தது பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு கல்லூரிப் பெண். கணீரென்ற குரல். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கும் குடும்பத்தை எதிர்த்து, கடைசிக் காட்சியில் அவள் நான்கு பக்கம் பேச வேண்டும். அம்மா தலைகுனிவாள், திரை விழும். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஆன்ட்டி, இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து கத்திக்கினே கீது. இத்தினி பேர் நிக்கிறாங்க, ஒருத்தராச்சும் சாப்ட்டியான்னு கேக்கலயே? எங்க வூட்ல எம்மாம் பெரிய சண்டைன்னாலும் எங்கம்மா அதக் கேட்டுட்டுதான் திட்டும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நாடகம் எழுதறது நானா நீயா? குடுத்ததப் பேசினா போதும்" என்றேன், அத்தனை பேர் முன்னால். அவள் வசனத் தாள்களை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை.

வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். புது ஆளுக்கு ஏற்ற மாதிரி வசனத்தைச் சுருக்கலாம் என்று, அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் சத்தமாகப் படித்தேன். எல்லாக் குரலும் நானே. அப்பா திட்டுகிறார், மாமா மிரட்டுகிறார், அண்ணன் கிண்டல் செய்கிறான். அவள் எல்லோருக்கும் பதில் சொல்கிறாள். நியாயமான பதில்கள்தான். ஆனால் அவளைப் பற்றி அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? முதலிலிருந்து திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. என் கருத்துகளைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்கு ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் என் கதையும் அதுவேதான். மேலதிகாரியிடம் நியாயம் கேட்க வேண்டுமா, என்னை முன்னால் தள்ளுவார்கள். நான் பேசிவிட்டு வருவதற்குள் கும்பலாகச் சாப்பிடப் போயிருப்பார்கள். நினைக்க நினைக்க அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"ஆச்சு ஆன்ட்டி. ரிகர்சல் எத்தினி மணிக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பக்கத்தையும் வெளுத்துக்கட்டினாள். பேசி முடித்து நின்றதும், புதிதாக நான் சேர்த்திருந்த ஒரே ஒரு வரியை, அம்மாவாக நடித்தவர் மெதுவாகக் கேட்டார்: "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியேடி?" அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள். நிஜமாகவே அழுதாள், அது நான் எழுதாதது. ஹாலில் ஒருவரும் கைதட்டவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். நான் மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் வந்து இறங்கி, பூட்டைத் திறந்து, காலையில் வைத்த குழம்பைச் சூடுபண்ணினேன். அந்தக் கேள்வியைக் கேட்க என் வீட்டில் இன்றைக்கும் ஆளில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் பெண்ணையும் பசியோடு தனியாக நின்று பேசவிட்டதில்லை.