எலும்பு வில்லை

நான் ஒன்றும் பெரிய சமையல்காரன் இல்லை. ராஜபாளையத்துப் பங்களா ஒன்றில் தட்டு கழுவிக்கொண்டே ரொட்டி சுடுவதை எட்டிப் பார்த்து, பிறகு ஊரெல்லாம் 'துரைச் சமையல் தெரியும்' என்று அளந்துகொண்டு திரிந்தவன். யுத்த காலத்துக் கோடை ஒன்றில், மலையை அளக்க வந்த துரை ஒருவர் அதை நம்பி என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார்.

செண்பகத்தோப்பையும் தாண்டி மேலே கூடாரம் போட்டிருந்தோம். பங்குனி வெயிலில் புல் காய்ந்து கிடந்ததால் விறகு மூட்டக் கூடாது என்று உத்தரவு. சுமைக்காரர்கள் அவலை நனைத்துத் தின்றார்கள். சமையலுக்கென்று பட்டாளத்துச் சரக்காக இரண்டு தகர அடுப்புகள் வந்திருந்தன. மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும். விரித்து, நடுவில் ஒரு வெள்ளை வில்லையை வைத்துக் கொளுத்தினால் புகையே இல்லாமல் எரியும். பார்க்கக் கற்பூரம் மாதிரிதான் இருக்கும், ஆனால் எரியும்போது லேசாக மீன் வாடை வரும்.

ஒரு அடுப்பு துரைக்கு. அது என் கையில். இன்னொன்று நிலப்படம் வரையும் ஐயங்கார் உத்தியோகஸ்தருக்கு. அவருக்குச் சமைக்க வந்தவரை எல்லோரும் சாமி என்றே கூப்பிட்டோம். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, யாரையும் அதட்டத் தெரியாத மனுஷர். மகாராஜபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அவர் குடும்பத்துக்கு மடப்பள்ளியில் சமைக்கும் முறை இருந்தது. வெகுகாலம் பங்காளிகள் கையில் இருந்துவிட்டு, வருகிற ஆடியில் அது அவருக்குத் திரும்புவதாகப் பேசி முடித்திருந்தார்கள். அதுவரை வயிற்றுப்பாட்டுக்குத்தான் மலைக்கு வந்தார். வாயைத் திறந்தால் ஆடி, ஆடி என்றுதான் பேசுவார். பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணிவிட்டுச் செத்துப்போனாலும் போதும் என்பார்.

அந்த அடுப்புக்குத் தணிந்து எரியத் தெரியாது. வெந்நீர் வைக்கச் சரி. ரொட்டி வைத்தால் அடி கரியாகும், மேலே மாவு ஈரமாகவே நிற்கும். மூன்று நாள் துரை கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றார். நாலாம் நாள் தட்டை என் முன்னால் தள்ளி, என்னையே தின்னச் சொன்னார். கடைசித் துண்டு வரை எதிரில் நின்றார். சுமைக்காரர்கள் அவலை மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

பார்க்கச் சகிக்காமல் சாமிதான் என்னைக் கூப்பிட்டார். "அதுக்குக் கோபம் ஜாஸ்தி தம்பி. முழுசாக் குடுக்கப்படாது" என்று ஒரு வில்லையை நாலாக உடைத்தார். ஒரு துண்டு அணையப் போகும்போது அடுத்ததை வைத்தார். ஓட்டை போட்ட தகர மூடியால் நெருப்பைப் பாதி மறைத்தார். ரொட்டிக்கு, பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, மூன்று கல் வைத்து, அதன்மேல் சின்னத் தகரத்தை வைக்கச் சொன்னார். தம் அடுப்பில் இதே வித்தையால் ஒரு ஆழாக்கு அரிசியைப் பாலில் மெல்ல மெல்லக் குழைய வைத்து அக்காரவடிசல் பழகிக்கொண்டிருந்தார். அடிவாரத்துப் பால் தினமும் வந்தது. கையோடு கொண்டுவந்திருந்த சாளக்கிராமத்துக்குக் காட்டிவிட்டுத்தான் ஒரு வாய் சாப்பிடுவார்.

மறுநாள் ரொட்டி பொன்னிறமாக வந்தது. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐயங்கார் சும்மா இருக்காமல், இது சாமியின் கைவேலை என்று இங்கிலீஷில் போட்டு உடைத்தார். இனி சாமி ரொட்டி சுடட்டும், நான் ஓடையில் தண்ணீர் சுமக்கட்டும் என்றார் துரை. மாவும் மோரும் ஆப்பசோடாவும்தானே, சாமிக்குத் தடையில்லை. சுட்டுத் தகரத்தோடு தள்ளி வைத்துவிடுவார்.

சாமி என் வேலையைக் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால்கூட என் வயிறு அவ்வளவு எரிந்திருக்காது. பாவப்பட்டுக் கற்றுக்கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐயங்கார் மேல்முகட்டுக்கு இரண்டு நாள் வேலையாகப் போயிருந்தபோது சாமி என்னிடம் வந்தார். "இந்த வில்லை வாடை மனசை உறுத்திண்டே இருக்கு. எதிலே பண்றாளோ. துரை பாஷை உனக்குத்தான் தெரியும், கேட்டுச் சொல்லு."

நான் கூடாரத்துக்குப் போய், தேயிலை வேண்டுமா என்று துரையிடம் கேட்டேன். சாமி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரை நன்றாகத் தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து, "மாட்டு எலும்பக் காய்ச்சிப் பண்ணுதாவளாம் சாமி" என்றேன்.

அவர் புதருக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். பாத்திரங்களையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார். சாயங்காலம் வரை சாளக்கிராமப் பெட்டியைத் திறக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகவே நாலு நடை போய் வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விடிந்ததும் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் தின்னது போகட்டும். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டேனே. விளையாட்டுக்குச் சொல்லியிருந்தா இப்பச் சொல்லிடு தம்பி, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆடியிலே எனக்கு முறை இருக்கு."

நான் தண்ணீர்க் குடத்தைக் கையில் எடுத்தேன்.

"உன் வேதபுஸ்தகத்து மேலே கை வச்சுச் சொல்லு. நம்பறேன்."

பெட்டியிலிருந்து பைபிளை எடுத்தேன். என் அம்மா மலைக்குக் கிளம்பும்போது கொடுத்தது. அதன் மேல் கையை வைத்து, "எலும்புதான் சாமி" என்றேன். கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை.

ஐயங்கார் திரும்புவதற்கு முன்பே அவர் மலையிறங்கிவிட்டார். உடம்புக்கு முடியாமல் போய்விட்டார் என்று நான் சொன்னேன், யாரும் மேலே கேட்கவில்லை. ரொட்டி என் கைக்கே திரும்பியது. அவர் காட்டிய மாதிரியே வில்லையை நாலாக உடைத்துச் சுட்டேன், நன்றாகவே வந்தது. துரை இறங்கும்போது எனக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்தார். அதை வைத்து அப்புறம் பல வருஷம் பிழைத்தேன்.

ஆடிப்பூரத்து மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்முட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சாமி எதிரில் வந்தார். இன்னும் இளைத்திருந்தார். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மடப்பள்ளி முறையை எழுதிக் குடுத்துட்டேன், பங்காளிக்கே" என்றார். "ஒருத்தருக்கும் தெரியாது. நானேதான் போய்ச் சொன்னேன். எலும்பைக் காட்டின கையாலே தளிகை பண்ணப்படாதே."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஒரே வார்த்தை, அதைச் சொல்லிவிட்டு அடி வாங்கியிருந்தால்கூடப் போதும். எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க அவருக்கு இன்னும் நாள் இருந்திருக்கும்.

"மலையிலே அத்தனை பேர் இருந்தாளே, ஒருத்தருக்கும் எடுத்துச் சொல்லணும்னு தோணலை. நீர்தான் சொன்னீர். அந்தப் பாவத்தோட மடப்பள்ளிக்குள்ளே போகாம தடுத்தீர். பெருமாள் உம்மை நன்னா வச்சிருப்பார்."

அதுவரை என்னை 'நீ' என்றுதான் சொல்வார். நடுத்தெருவில் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"இருக்கட்டும் சாமி" என்றேன்.