இடது பெடலில் ஒரு கட்டை

பேக்கரியில் மாவு பிசைகிறவளை அந்தத் தெருவே ரொட்டியக்கா என்றுதான் கூப்பிடும். சிறு வயதில் லாரி மோதியதில் இடது கால் சரியாகக் கூடாமல், வலது காலைவிடக் குட்டையாக நின்றுவிட்டது. நடந்தால் தோள் ஒரு பக்கம் சாயும். பேச்சு மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்காது.

முதலாளி பின்கட்டைக் காலி செய்தபோது ஒரு பழைய பந்தய சைக்கிளைக் குப்பை வண்டிக்காக வெளியே தள்ளினார். வளைந்த ஹேண்டில், மெல்லிய இரும்புச் சட்டம், மேலெல்லாம் துரு. அக்கா ஒரு கையால் அதைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கியவள் கீழே வைக்கவில்லை.

வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நடக்கவே அல்லாடுற. இதுல பந்தய சைக்கிள் வேற! விழுந்து வச்சா யாரு பார்க்கிறது?"

"விழுந்தா நானே எந்திரிச்சுக்குவேன். உன்னைத் தூக்கிவிடச் சொன்னேனா?"

அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாய் சட்டத்துக்குள் இறுகிக் கிடந்தது. அதை இறக்கினால்தான் அவள் கால் எட்டும். சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுங்கக்கா. உங்களுக்குத் தோதா மூணு சக்கர வண்டி ஒண்ணு பார்த்துத் தர்றேன்."

அந்த 'தோதா' அவளுக்குச் சுருக்கென்றது. "எனக்கு எது தோதுன்னு நான் பார்த்துக்கறேன். உங்க வைஸை மட்டும் கொஞ்சம் விடுங்க."

சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி, அடிவழியாக எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊற வைத்தாள். பிறகு கடையில் குழாயை வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிவிட்டு, சட்டத்தையே இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த கைகள். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சட்டம் அசைவேனா என்றது. மறுபடி திருகினாள். கிரீச்சென்று ஒரு அலறல். குழாய் விட்டுக்கொடுத்தது. கடைக்காரர் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி குடிக்க மறந்து நின்றார்.

அதன் பிறகு துருவைச் சுரண்டினாள், பேரிங்குகளைக் கழுவி கிரீஸ் வைத்தாள், சக்கரங்களுக்குப் புதுக் கம்பி போட்டு கோட்டம் எடுக்கக் கற்றாள். இடது பெடலில் ஒரு மரக்கட்டையை போல்ட் போட்டு இறுக்கினாள்.

"ஒரு பெயின்ட் அடிச்சா பளபளன்னு ஆயிடும்கா," என்றார் கடைக்காரர்.

"அடிபட்டது தெரிஞ்சா என்ன? நான் என் காலை மூடிக்கிட்டா திரியறேன்?"

முதல் நாள் தெருமுனைத் திருப்பத்திலேயே விழுந்தாள். அண்ணன் பதறி ஓடி வந்தார். "கிட்ட வராதே!" என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, தரையை ஊன்றி எழுந்தாள். முழங்காலில் ரத்தம். அதைத் துடைக்காமலே ஏறி உட்கார்ந்து, ஆற்றுப்பாலத்துப் பக்கம் விட்டாள்.

பாலத்தின் ஏற்றத்தில் லாரிகள் ஹாரன் அடித்தே அவளை ஓரம் தள்ளப் பார்த்தன. அவள் ஓரம் போகவில்லை. கியரை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். உச்சியில் மூச்சு வாங்க நின்று, யாருக்கென்று இல்லாமல் கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னாள், மனசு லேசானது.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை.