எதிர்க்கடைக் குடும்பம்

கல்முனை பிரதான வீதியில் எங்கள் வாப்பாவின் புடவைக்கடைக்கு நேரெதிரே இன்னொரு புடவைக்கடை இருந்தது. அதன் முதலாளியான ஹாஜியாருக்கு வாப்பா ஸலாம் கூடச் சொல்வதில்லை. எங்கள் இரண்டு குடும்பமும் ஊரில் பெரிய குடிகள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாகத் தனி மரைக்காயர். என் பாட்டனான மூத்தப்பா காலத்தில் ஒரு கந்தூரி விருந்தில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று கிளம்பிய சண்டை, பிறகு கடைக்கு வந்துவிட்டது. அவர்கள் மாடி கட்டினால் நாங்களும் கட்டினோம். பெருநாளுக்கு முன் மருதமுனைத் தறிகளில் நல்ல சாரிகளை யார் முந்திப் பிடிப்பது என்று ஓட்டமாக இருக்கும். அந்த வீட்டுப் பெண்களின் முகம் எனக்குத் தெரியும். குரல் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நோன்பு காலம் நெருங்கியபோது, கொழும்பிலிருந்து துணி ஏற்றிவர லொறி கிடைக்கவில்லை. யுத்த காலத்துப் பாதையை நினைத்துப் பலரும் மறுத்தார்கள். கடைசியில் ஒரு சாரதி சம்மதித்தார். என் காக்கா, எங்கள் வீட்டின் மூத்த மகன், அந்த லொறியில் போனார். ஹாஜியாரின் மகனும் அதிலேயே போயிருக்கிறார் என்பது மறுநாள்தான் வாப்பாவுக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தபடி, “ரெண்டு கடைச் சாமானும் ஒரே லொறியிலயா வருது?” என்று கேட்டார். உம்மா கறியை ஊற்றினா.

திரும்பி வரும் வழியில், மகியங்கனைப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் வளைவில் பிரேக் பிடிக்காமல் லொறி கவிழ்ந்து தீப்பற்றியது. வெளியே தூக்கி வீசப்பட்ட சாரதி பிழைத்துக்கொண்டார். செய்தி வந்தபோது நான் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். உம்மா விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கி, தண்ணீர் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்ததும் திரும்பிப்போய் மிச்ச உடுப்புகளையும் மடித்து அலுமாரியில் வைத்தேன்.

இரண்டு தகப்பன்மாரும் இரண்டு வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நடந்ததை வாப்பாவோடு போன மாமா பிறகு சொன்னார். தீயில் கருகிய இரண்டு மையத்துகளையும் அடையாளம் காண முடியவில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். வாப்பா ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் முதலாவதைப் பார்த்தார். ஹாஜியாரும் அப்படியே. பிறகு ஹாஜியார்தான் வாய் திறந்தாராம்.

“எனக்குத் தெரியல்ல. உங்களுக்குத் தெரியுதா?”

“இல்ல” என்றார் வாப்பா.

“அப்ப ரெண்டு பேரையும் ஒண்டாக் கொண்டு போவம்.”

“ஓம்.”

எந்த வீட்டுக்கும் கொண்டுவராமல் நேரே பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தொழுகை, பக்கத்தில் பக்கத்தில் தோண்டிய இரண்டு கபுறு. பெண்கள் யாரும் பார்க்கவில்லை.

கணவனை இழந்த ஹாஜியாரின் மருமகள் தன் உம்மாவின் வீட்டில் வெளியே வராமல் இத்தா இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. வெள்ளை உடுத்துச் சுவரில் சாய்ந்திருந்தவள் எங்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மாமி, எந்தக் கபுறு எண்டு உங்கட வீட்டில ஆரும் சொன்னாங்களா?”

“ஆருக்கும் தெரியா மகள்” என்றா உம்மா. “நாங்க ரெண்டுக்கும் சேர்த்துத்தான் ஓதுற. நீங்களும் அப்பிடி ஓதுங்க.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. எனக்குப் பசித்தது. எல்லா பிஸ்கட்டையும் நானே தின்றேன்.

இனி இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த நோன்புக்கு வாப்பா கடை வாசலில் மலிவு விற்பனைப் பதாகை கட்டினார். எதிரிலும் கட்டினார்கள். ஆனால் முன்பைப் போல எதிர்க்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வாப்பா எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் இருவரும் மையவாடிக்குப் போவார்கள் என்று மாமா சொன்னார். ஆளுக்கொரு கபுறருகே நின்று ஓதி, பிறகு இடம் மாறி நிற்பார்களாம்.

பிறகு என் கல்யாணம் வந்தது. வாப்பா தானே தெருவைக் கடந்து போய் ஹாஜியாருக்குச் சொன்னார். ஹாஜியார் வந்து, சாப்பிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். உம்மா உள்ளே போய் அழுதா. நான் அலங்காரத்தோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் யாரோ ஒருவருடைய கல்யாணம் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.