நீலத் தறப்பாளின் கீழ் ஒரு புரோமின் குழாய்

"இருளில் இந்த இரசாயனத் தாக்கம் உறங்கும், ஒளி பட்டால் விழிக்கும்." மன்னார் நகரில் நடக்கவிருந்த பள்ளிகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான் எழுதிய உரை இப்படித் தொடங்கியது. விவாத மேடைகளில் வென்று பழகியவன் நான். ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்று வகுப்பில் அறிவித்திருந்தேன். ஆனால் ஒத்திகை பிழையாகப் போனால் எங்கள் பள்ளி போகாது என்று இரசாயன ஆசிரியர் சொல்லியிருந்தார்.

எக்சேன் என்ற நிறமற்ற திரவத்தில் சில துளி புரோமின் விட்டால் செம்பழுப்பு நிறம் வரும். வெயிலில் இரண்டும் தாக்கமுற்று நிறம் மறையும். இருளில் நிறம் அப்படியே நிற்கும். அவ்வளவுதான் காட்ட வேண்டியது. போர் முடிந்து மீளக்குடியேறிய இரண்டாம் ஆண்டிலும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு நிவாரணமாகத் தந்த நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள்தான் கூரை. ஒத்திகையன்று ஆசிரியர் மூடித் தந்த இரு குழாய்களில் ஒன்றை முற்றத்து வெயிலில் வைத்தேன். மற்றதை இருளில் வைத்தேன். இருளென்று நான் கருதியது தறப்பாளின் நிழலை.

வெயிலில் நின்ற குழாய் வெளுத்தது. உரையின் மூன்றாம் பக்கத்தை நான் முடிக்குமுன் நிழலில் நின்றதும் வெளுத்தது.

"பேச்சாளர், உங்கட இருளும் முழிச்சிட்டுது!" என்றான் கடைசி வாங்கில் இருந்த ஒருவன்.

"வெக்கையாலதான் சேர்," என்றேன்.

"அப்ப உன்ர பேச்சில ஒளியை வெட்டிப்போட்டு வெக்கை எண்டு எழுது," என்றார் ஆசிரியர்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். 'சேர்' என்னாமல் 'சார்' என்னும் அவளின் தமிழ்நாட்டுப் பேச்சை வகுப்பே பழித்துக் காட்டும். அதில் முன்னணி நான். அதனால் அவள் அதிகம் பேசுவதில்லை.

"சார், இந்த நிழல்ல இருட்டு எங்க இருக்கு? திரும்பி வந்ததும் இதே மாதிரி தறப்பாளுக்குக் கீழதான் குடியிருந்தோம். பகல்ல விளக்கே இல்லாம படிச்சேன். உள்ள எல்லாம் நீல வெளிச்சம்."

"புரோமின் ஏன் செம்பழுப்பாத் தெரியுது?" என்று கேட்டார் ஆசிரியர்.

நான் என் உரையைப் புரட்டித் தேடினேன்.

"நீலத்தை உறிஞ்சிக்குது சார். அந்த நீலத்தைத்தான் தறப்பாள் உள்ள விடுது," என்றாள் அவள்.

அதிபரின் கந்தோரிலிருந்து கறுப்புக் காபன் தாள் வாங்கி வந்து, புதிய குழாயொன்றைச் சுற்றி, அதே வெயிலில் வைத்தாள். முன்னைய அளவு நேரம் கழித்துப் பிரித்தோம். கண்ணாடி கையைச் சுட்டது. நிறம் மட்டும் மாறவில்லை. வெக்கை என்ற என் வாதம் அத்துடன் முடிந்தது.

கண்காட்சிக்குப் போனோம். "நிழலை இருளென்று நம்பியவன் உங்கள் முன் நிற்கிறேன்" என்று தொடங்கினேன். கேள்விகள் வந்தபோது ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினேன்.

"சார்," என்றே அவள் தொடங்கினாள். எங்கள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.